ஒன்பதாம் குழியின் அழிக்கப்பட்ட தேதி

அனுப்புநர்:
சா. மோனிகா,
த/பெ சாலமன்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஒக்கலிபுரம், பெங்களூரு.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
மாவட்ட வன அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: பூந்துறைக்குப்பம் ‘ஏழலை கடற்கரை முகாம்’ – ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடாமல் பார்வையாளர்களுக்காகத் தொட்டியில் வைத்திருப்பது – காவலாளி திருமதி தனபாக்கியம் தவறாக நீக்கப்பட்டது – முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வு செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது பதினான்கு. பள்ளியில் நான் தமிழ் படிக்கவில்லை, வீட்டில் கற்றுக்கொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

1. சென்ற சனிக்கிழமை (14.03.2026) அதிகாலையில் நானும், என் வகுப்புத் தோழர்கள் நிருபமா, சுஹாஸ் இருவரும், நிருபமாவின் தந்தை திரு. சுந்தரேசன் ஓட்டிய காரில் மல்லேஸ்வரத்திலிருந்து புறப்பட்டு, பிற்பகலில் மேற்படி முகாமை அடைந்தோம். முகாமின் விளம்பரத்தில் “சனி மாலை, ஞாயிறு காலை – ஆமைக்குஞ்சு உறுதி” என்று இருந்தது. முட்டை எந்த நாளில் பொரியும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? காரிலேயே இதைக் கேட்டேன். “ஆமை கூட அப்பாயின்ட்மென்ட் குடுக்குதுடி, நீ சும்மா வா” என்று சுஹாஸ் கேலி செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2. முட்டைகளைப் புதைத்து வைத்திருக்கும் வேலிக்குள் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சிலேட்டுப் பலகை உண்டு. எண்களைப் பார்த்தால் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம் என்பதால், பதினான்கு பலகைகளையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் குழி: முட்டை 108, புதைத்தது ஜனவரி 24, பொரிந்தவை 94, பொரிந்த நாள் மார்ச் 14. இந்த 14 என்பதில் நான்கு மட்டும் வேறு கையெழுத்து. மற்றப் பலகைகளில் நான்கின் தலை திறந்திருக்கிறது, இதில் மூடியிருக்கிறது. அதற்கு அடியில் சரியாக அழியாத ஓர் இரண்டு தெரிந்தது. அதாவது மார்ச் 12, வியாழக்கிழமை. வாசலில் உள்ள பெயர்ப்பலகையில் ‘வனத்துறை அனுமதி எண்’ என்ற சொற்களுக்குப் பிறகு எண் எதுவும் இல்லை என்பதையும் குறிப்பிடுகிறேன்.

3. மாலை ஆறு மணிக்கு முகாம் மேலாளர் திரு. டிரேவர் ஒரு நீலத் தொட்டியைக் கொண்டுவந்து, அன்று காலைதான் பொரிந்தவை என்று சொல்லி, எங்கள் முன் 31 குஞ்சுகளை மணலில் விட்டார். பொரிந்த குஞ்சுகள் நிற்காமல் கடலை நோக்கி ஓடும் என்று படித்திருக்கிறேன். இவற்றில் பாதிக்கு மேல் அசையாமல் கிடந்தன. அலை வந்துதான் இழுத்துக்கொண்டு போனது. அப்போதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

4. பிறகு கால் கழுவக் குழாயடிக்குப் போனபோது, பக்கத்துக் கொட்டகைக்குள் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. ஈரச் சாக்கு மூடிய இன்னொரு தொட்டியில் நிறையக் குஞ்சுகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் முதுகில் நடு ஓட்டுத்தகடு இரண்டாகப் பிளந்திருந்தது. திரு. டிரேவரிடம் கேட்டேன். “அதெல்லாம் வீக்கா இருக்கு குட்டி, தேத்தி அப்புறம் விடுவோம்” என்றார். நான் நம்பினேன்.

5. இனி எழுதப்போவது என் தவறு. அன்றிரவு முகாமிலேயே தங்கினோம். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை அணிந்த ஒரு பெண் அந்தக் கொட்டகையிலிருந்து துண்டு மூடிய வாளியுடன் வெளியே வந்து, இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கரையோரமாக வடக்கே போனார். ஆமைத் திருட்டைப் பற்றிப் படித்திருந்ததால், ஓடிப்போய்த் திரு. டிரேவரை எழுப்பிச் சொன்னேன். அவர் “உன் கண்ணு செம ஷார்ப்பு” என்று பாராட்டி, ‘ஆமைக் காவலர்’ என்ற பேட்ஜை என் சட்டையில் குத்தினார்.

6. அந்தப் பெண்தான் தனபாக்கியம். முட்டைக்குழிகளுக்குக் காவல் இருப்பவரும் பலகைகளை எழுதுபவரும் அவரே. அவர் காலி வாளியுடன் திரும்பி வந்தபோது, திரு. டிரேவர் எல்லோருக்கும் முன்னால் அவரைத் திருடி என்று சொல்லி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவர் என் பக்கம் திரும்பினார். என் பேட்ஜைப் பார்த்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “விக்கிறதுக்கு எடுத்துனு போறேன்னு நெனச்சியா பாப்பா? வியாழக்கெழமையே பொரிச்சிச்சிங்க. தொட்டியிலயே நீந்தி நீந்தி ஓஞ்சி போச்சிங்க. இருக்கிற தெம்போட போவட்டும்னுதான் கடல்ல உட்டேன்.” அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

7. ஏழு மணிக்கு ஒரு பேருந்தில் வந்தவர்களுக்காக, “இன்று விடியற்காலையில் பொரிந்தவை” என்று சொல்லி 28 குஞ்சுகளை விட்டார்கள். அவற்றுள் நான் முந்தின நாள் கொட்டகையில் பார்த்த, முதுகுத்தகடு பிளந்த குஞ்சும் இருந்தது. சுஹாஸ் எடுத்த புகைப்படத்தை இணைத்துள்ளேன். பொரிந்தவை 94. இரண்டு வேளையும் விட்டவை 59. மீதி 35இல் தனபாக்கியம் காப்பாற்றியவை எத்தனை, செத்தவை எத்தனை என்று தெரியாது. கொட்டகைக்குப் பின்னால் ஓரிடத்தில் காகங்கள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. கிட்டே போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

8. உடனே மேலாளரிடம் கேட்க வேண்டும் என்றேன். திரு. சுந்தரேசன் “ஊர் விட்டு ஊர் வந்து நமக்கெதுக்கும்மா வம்பு, வண்டில ஏறு” என்றார். எங்கள் மூவரையும் பத்திரமாக வீடு சேர்க்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கார் திண்டிவனத்தைத் தாண்டியது. பிறகு நிருபமாதான், “நீ சொன்னதாலதான அந்தம்மாவுக்கு வேலை போச்சு, நீயே எழுது” என்றாள். இதை என் தந்தை படித்துவிட்டார். அனுப்பச் சொன்னதும் அவர்தான்.

9. ஐயா, அவசரத்துக்குக் காரணம் இது. பதின்மூன்றாம் குழியில் ஜனவரி 31 அன்று 116 முட்டைகள் புதைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் குழிக்கு நாற்பத்தேழு நாள் ஆனது. அதே கணக்கில் இது வரும் வியாழன் (19.03.2026) பொரியும். முகாமின் இணையப் பக்கத்தில் அடுத்த சனி, ஞாயிறுக்கும் “உறுதி” என்று இப்போதே போட்டிருக்கிறார்கள். இடையில் உள்ள இரண்டு நாளும் அந்தக் குஞ்சுகள் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்ற வாரம் அவற்றைத் திருட்டுத்தனமாகவாவது கடலில் விட ஒருவர் இருந்தார். இந்த வாரம் அவரும் இல்லை.

10. ஆகவே தங்களிடம் வேண்டுவது: வியாழன் அல்லது வெள்ளி காலையில் தாங்களோ தங்கள் அலுவலரோ சொல்லாமல் சென்று, குழாயடிப் பக்கக் கொட்டகையைத் திறந்து பார்க்க வேண்டும். இம்மனுவின் நகலை முகாமுக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டாம். சாக்பீஸால் எழுதிய பலகையைத் துடைக்க ஒரு நிமிடம் போதும். அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே யாரும் தொலைபேசியில் சொல்லிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும், யாரை நம்புவது என்பதில் நான் ஏற்கெனவே ஒருமுறை தவறிவிட்டேன்.

11. தனபாக்கியம் திருடவில்லை என்பதை எழுத்தில் பதிவு செய்து, அவரை மீண்டும் அந்தக் காவல் வேலையில் அமர்த்த ஆவன செய்ய வேண்டும். அவரைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று என் பெயரையும் முகவரியையும் அவரிடம் சொல்லலாம். அவர் என்னைத் திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்வேன்.

எனக்குப் பதில் எழுத எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, ஐயா. வியாழக்கிழமை மட்டும் யாராவது அங்கே போய்விட வேண்டும்.

இடம்: பெங்களூரு
நாள்: 16.03.2026

பணிவுடன்,
சா. மோனிகா

இணைப்பு: நோட்டின் இரண்டு பக்கங்களின் நகல், புகைப்படம் ஒன்று.

என் மகள் எழுதியதை முழுவதும் படித்தேன். விசாரணைக்கு அழைத்தால் அவளை நானே கூட்டி வருகிறேன்.
(ஒப்பம்) சாலமன்