ஈறு கறுத்தது வெயிலால் அல்ல

என் தங்கமே வாசுகி,

கயலுக்குக் காது குத்திய அன்றைக்குக் கோயில் வாசலில் இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். நான். பிள்ளையை மடியில் வைத்திருந்த உன் அண்ணன் முருகையன். உன் புருஷன் பன்னீர். பக்கத்து வீட்டு ராபியா. காது குத்த வந்த ஆசாரி. குத்திக்கொள்ள மாட்டேன் என்று அலறிய உன் மகள் கயல். அப்புறம், வேப்பமரத்தடியில் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த நீ.

உன்னோடு மனதுக்குள் பேசாத நாளில்லை. எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், பிழையிருந்தால் பொறுத்துக்கொள். உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

அன்றைக்கு அலறியவள் இப்போது தஞ்சாவூரில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நம் சிறுநீரகத்துக்கு மேலே சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்புக்கோ மனதுக்கோ நெருக்கடி வந்தால் அதிலிருந்து கார்டிசால் என்கிற ஹார்மோன் ஊறி நம்மைத் தாங்கிப் பிடிக்குமாம். அதைக் கண்டுபிடிக்க உயிருள்ள செல்களையே தயார்செய்து வைத்திருக்கிறார்கள். மின்மினிப் பூச்சி வெளிச்சம் போடுகிற வித்தையை அந்தச் செல்லுக்குள் புகுத்திவிட்டார்கள். ஹார்மோன் வந்து தொட்டால் செல் ஒளிரும், கூடுதலாக வந்தால் கூடுதல் ஒளி. புது மருந்துகளையும் அதில் விட்டுப் பார்க்கிறார்கள். எது அந்த ஹார்மோன் மாதிரியே வேலை செய்கிறது, எது அதை மறிக்கிறது என்று அந்த வெளிச்சமே சொல்லிவிடுமாம்.

போன மாதம் என்னையும் அழைத்துப் போனாள். எச்சிலிலும் அந்த ஹார்மோன் இருக்குமாம், கையெழுத்து வாங்கிக்கொண்டு என் எச்சிலைக் கேட்டாள். வெற்றிலை போட்ட வாயோடு வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் காலையிலிருந்து எனக்குத் தலைவலி. கம்ப்யூட்டர் திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. என் புள்ளி நன்றாகவே எரிந்தது.

"பாரு அம்மாச்சி, உன் கோவம் எப்படி எரியுது" என்றாள். கூட இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள்.

பக்கத்தில் ஒன்று இருண்டு கிடந்தது. அது யாருடையது என்று கேட்டேன்.

"யாரோடதும் இல்ல. ஹார்மோனே கலக்காத தண்ணி. ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு வைக்கிறது."

எனக்கு அந்த இருட்டை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அதில் நீ தெரிந்தாயடி. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

வெளியே மரத்தடியில் உட்கார வைத்து அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா உப்பு நிறையத் தின்பாளா? தின்றாயே. கல்லுப்பை முந்தானையில் முடிந்து வைத்து மிட்டாய் மாதிரி சப்புவாய். உப்பளத்தில் பிறந்த வாய் வேறென்ன கேட்கும் என்று வேதாரண்யமே சிரித்தது. உடம்பு கறுத்ததா? கறுத்தது. இந்த வெயிலில் கறுக்காதவர் யார் என்று இருந்துவிட்டோம். உள்ளங்கை ரேகை? அதுவும் கறுத்தது. ஈறு? கண்ணை மூடினால் உன் சிரிப்பு வருகிறது. ஈறும்தான்.

"ஈறுக்குள்ள எந்த வெயில் அம்மாச்சி அடிக்கும்?"

அந்தச் சுரப்பி வற்றிப்போனால் இப்படித்தான் ஆகுமாம். களைப்பு, மயக்கம், உப்பு மேல் ஏக்கம், எல்லாம் அதனால்தானாம். பெரிய டாக்டர் ஒருவரிடமும் கேட்டிருக்கிறாள். இனிமேல் சோதித்துச் சொல்ல வழியில்லை, ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்றாராம். அந்த ஹார்மோனையே மாத்திரையாகத் தினமும் சாப்பிட்டு நெடுநாள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்களாம். கயலுக்கும் அது உண்டா என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. நீ நிம்மதியாக இரு.

உப்பும் வெயிலும் இல்லாத ஊரில் நீ பிறந்திருந்தால் யாராவது ஒருத்தர் என்ன ஏதென்று கேட்டிருப்பார்களோ?

அப்புறம்தான் அவள் விஷயத்துக்கு வந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "அம்மாவுக்கு நோய்னு அன்னைக்கு யாருக்கும் தெரியல அம்மாச்சி. மாமாவுக்கும் தெரியாது. இத்தனை வருஷமா அவர வாசல்லயே நிறுத்துற. உள்ள விடேன்."

பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை யோசித்தேன். நடவு என்றால் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று உன்னை ஏசிய பன்னீரை விட்டுவிட்டேன். பாவம், இன்னும் உன் சேலையை மடித்து வைத்திருக்கிறான். சோம்பேறி என்ற ஊரையும் விட்டுவிட்டேன். தெரியாமல் சொன்னார்கள்.

ராபியாவுக்கு மட்டும் என்ன தெரியும்? அவள் ஓடிப்போய் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "அக்கா, புள்ள மொகத்தப் பாருங்க, ஏத்துங்க" என்றாள். நான் உன் தோளைத் தூக்கிவிட்டேன். உன் அண்ணன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் ஆட்டோக்காரப் பையனைப் பார்த்துச் சொன்னான்.

"தம்பி, நீ வண்டியத் திருப்பு. இவ நடிப்ப நாங்க நேத்தா பாக்குறோம்?"

ஆட்டோ போய்விட்டது. காது குத்தி, படையல் போட்டு, வேறு வண்டி வந்து, நாகப்பட்டினம் எட்டுவதற்குள் உன் கை ஜில்லிட்டுப் போனது.

தாய்மாமன் சீரோடு அவன் வரட்டும், கயலுக்காக நான் தடுக்க மாட்டேன். இலை போட்டுச் சோறும் வைப்பேன். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் வாசுகி. எந்தப் பெண் முடியவில்லை என்று சொல்லி என் எதிரில் உட்கார்ந்தாலும், ஏன் என்று கேட்காமல் முதலில் வைத்தியத்துக்குக் கூட்டிப்போவேன். கயல் கேட்கும்போதெல்லாம் வெற்றிலையை விட்டுவிட்டு எச்சிலும் கொடுப்பேன்.

நோய் தெரியாததை மன்னித்தாயிற்று. வந்த வண்டியைத் திருப்பியவனை மன்னிக்க மாட்டேன். அவனும் என் வயிற்றில் பிறந்தவன்தான். முருகையன்.

உன்னைப் பெற்றவள்,
அஞ்சம்மாள்