அடுத்தது மட்டும்

உன் மடிக்கணினியின் எண்டர் பொத்தானில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. சமையலுக்கு நடுவே ஓடிவந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாயே, அந்தக் கறை. உன் பிள்ளை தன் விக்ரோலி வீட்டிலிருந்து கணினியைக் கொண்டுவந்து என் செம்பூர் வீட்டு மேசையில் வைத்தபோது, துடைத்துத் தரட்டுமா ஆன்ட்டி என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இன்று காலை என் விரல் அந்தக் கறையின் மேல் வெகுநேரம் நின்றது.

தாராவிப் பள்ளியில் நான் கணக்கு, நீ அறிவியல். இந்தப் புரோகிராம் எழுதும் வேலையில் நாம் இறங்கியது ஓய்வு பெற்ற பிறகு. உன் மாதுங்கா கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டிக்கு நீ செயலாளர் ஆனாய். தண்ணீர் வரவில்லை என்று யார் யார் எப்போதெல்லாம் புகார் செய்தார்கள் என்று நகராட்சிக்குக் காட்ட வேண்டும். கையில் இருந்ததோ பல வருட வாட்ஸ்அப் அரட்டை, ஒரே கோப்பாக. உன் பிள்ளை ரெகுலர் எக்ஸ்பிரஷன் சொல்லிக் கொடுத்தான். தேடும் வரி எப்படி இருக்கும் என்ற சாயலை மட்டும் எழுதிக் கொடுத்தால், ‘பானி நஹி’ என்றாலும் ‘நோ வாட்டர்’ என்றாலும் கணினி பிடித்துவிடும். முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டுவிட்டோம். திரையில் புகார்கள் ஓடிய ஓட்டத்தில் ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

"அரே பாபா, மொத்த பில்டிங்கும் ஒரே நேரத்துல கதவைத் தட்டறது" என்றாய்.

பிறகுதான் சோம்பேறி வழி அகப்பட்டது. அத்தனை அப்பளத்தையும் முன்கூட்டியே பொரித்து அடுக்காமல், இலையில் கேட்கக் கேட்கப் பொரிப்பது போல. கணினி கோப்பின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அடுத்தது என்று நாம் கேட்டால்தான் அங்கிருந்து மேற்கொண்டு தேடும். ஒன்று கிடைத்ததும் நின்றுவிடும். இன்னும் எத்தனை பாக்கி என்பது அதற்கே தெரியாது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் கொட்டி எண்ணினேன். எண்ணிக்கை வந்தது. அடுத்தது என்றேன், ஒன்றும் வரவில்லை. விரல் கோப்பின் கடைசிக்குப் போய்விட்டது, அது பின்னால் வராது. நீ கரண்டியோடு வந்து நின்று சிரித்தாய்.

"எண்ணினயோன்னோ, தீந்துடுத்து. இனி ஆரைக் கேப்பே?"

"ஏட்டி, முதல்ல இருந்து ஓட்டுனா வரும்லா?"

"வரும். ஆனா எல்லாம் பாத்ததாச்சே."

உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்னும் எத்தனை மாதம் என்று சொல்ல ஆரம்பித்த அன்று, நீ கையை உயர்த்தி அவரை நிறுத்தினாய். அடுத்து என்ன செய்ய வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள் என்று இந்தியில் கேட்டாய். ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "நீயும் எண்ணாதேடீ." அதற்குப் பிறகு உன்னிடம் வரப்போகும் நாட்களைப் பற்றிக் கேட்டால் நாளை மட்டும்தான் இருக்கும். ஊசி, கஞ்சி, சாயங்காலம் நான் வருவேனா என்பது.

நீ போன பிறகு, நம் இருவரின் அரட்டையை உன் கணினியில் ஏற்றினேன். உன் பெயரில் வந்து கேள்விக்குறியில் முடியும் வரிகளை மட்டும் தேடச் சொன்னேன். காலையில் காபி குடித்ததும் அடுத்தது என்று ஒன்றே ஒன்று கேட்பேன். "மாத்திரை போட்டுண்டயா?" என்று வரும். போட்டேன் என்று வாய்விட்டுச் சொல்வேன். "டிரெயின்ல சீட் கெடச்சுதோ?" கிடைத்தது, குர்லாவில். பிறகு மூடியை மெல்லச் சாய்ப்பேன், புரோகிராம் ஓடும் ஜன்னலை மூடாமல். சார்ஜ் தீர்ந்து அணைந்தால் அந்த விரல் எங்கே நின்றது என்பது மறந்துபோகும் என்று சார்ஜரைக் கழற்றுவதே இல்லை. எத்தனை இருக்கின்றன என்று எண்ணவில்லை. நீ சொன்னதற்காகத்தான்.

இன்று காலை வந்தது: "நாளைக்கு வரயோன்னோ?"

பார்த்ததும் தெரிந்தது. அதற்குப் பிறகு நீ ஒன்றும் எழுதவில்லை. அந்த நாளைக்கு நான் வந்தேன். டப்பாவில் ரசம் சாதம் சூடாக இருந்தது. உன் பிள்ளை கதவைத் திறந்தான், வழி விடாமல் அங்கேயே நின்றான்.

இன்று பதிலைக் கணினியிலேயே எழுதினேன். ‘வந்தேன்’ என்று அடித்து, மஞ்சள் கறையை அழுத்தினேன். அப்படி ஒரு பெயரைத் தனக்குத் தெரியாது என்று கணினி ஆங்கிலத்தில் பதில் எழுதிற்று.

அடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காதவரை அதற்குத் தெரியாது. உன் கடைசிக் கேள்வியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னும் ஒன்று இருக்கலாம் என்று அது காத்திருக்கிறது. இல்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.