தோற்றுக்கொடுப்பவர்கள்

1934 மே 6, ஞாயிறு

ராய்ஸை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு இதைச் சொன்னது சமையல்காரன் கஸ். தட்டில் பீன்ஸைக் கொட்டிக்கொண்டே, "உன் கூட்டாளி இனிமே நம்மகூடப் படுக்கமாட்டானாம், தெரியுமில்ல?" என்றான். தெரியாது. ஆறு வருஷமாக ஒரே சரக்கு ரயிலில் தொற்றி, ஒரே பண்ணையில் குதித்து வேலை கேட்கிறவர்கள் நாங்கள். பேக்கர்ஸ்ஃபீல்டு என்கிற ஊரில் ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு பேருக்கும் ஒரே போர்வை. கடைசியில் கஸ் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. பீன்ஸில் கல் வேறு.

சாயங்காலம் ராய்ஸ் வந்து மூட்டையை எடுத்துக்கொண்டான். முதலாளி கிட்ரிட்ஜ் வீட்டுக்குப் பின்னால் மேஸ்திரிக்கென்று தனி அறை. பூட்டுகிற மாதிரி கதவு உண்டு. "நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதுதான்டா, வெண்டல்" என்றான்.

நல்லதுதான். சந்தோஷப்படத்தான் வேண்டும். படுகிறேனா?

மே 9

ராய்ஸ் விட்டுப்போன கட்டிலில், எங்களோடு கூலிக்கு இருக்கிற பர்ல் ஏறிப் படுத்துவிட்டான். ராத்திரி முழுக்கச் சொறிகிற சத்தம். மூட்டைப்பூச்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

மே 13, ஞாயிறு

ஞாயிறு என்றால் எங்களுக்குத் துணி துவைப்பது, அப்புறம் லாட ஆட்டம். நாங்கள் படுக்கிற கொட்டடிக்குப் பின்னால் ஓர் இரும்பு முளை அடித்திருக்கிறோம். தேய்ந்த குதிரைலாடத்தைத் தூரத்திலிருந்து எறிய வேண்டும். முளையைக் கவ்வினால் ஜெயிப்பு. இன்று ராய்ஸும் வந்தான், கஞ்சி மொடமொடக்கும் புதுச் சட்டையோடு.

அவன் எப்போதும் சுமாராகத்தான் எறிவான். இன்று ஒருவர் விடாமல் ஜெயித்தான். பர்லுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் குறி தப்பாது. அந்த பர்ல் லாடத்தைப் புல்லுக்குள் வீசிவிட்டு, "மேஸ்திரி கைராசிக்கு முன்னாடி நாமெல்லாம் எங்க!" என்று ஈறு தெரிய இளித்தான். கஸ் கைதட்டினான்.

அதைவிட மோசம் ராய்ஸின் முகம். பூரித்துப்போயிருந்தது. நிஜமாகவே நம்புகிறானா, இல்லை...

என் முறை வருவதற்குள் முதலாளி அவனைக் கூப்பிட்டுவிட்டார். தப்பித்தேன்.

மே 16

பன்றிக்கறி நாறிப்போயிருந்தது. மேஸ்திரி மேஜையைத் தாண்டிப் போகையில் எல்லாரும் அதை ருசித்து மென்றார்கள். நான் வெளியே போய்த் துப்பினேன்.

மே 20, ஞாயிறு

என் முறை வந்தது.

"எறிடா பாக்கலாம்" என்றான் ராய்ஸ். பர்ல் என் விலாவில் இடித்தான்: "பாத்து எறி. புரியுதில்ல?" புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. எறிந்தேன். கவ்வியது. அடுத்ததும் கவ்வியது. அதற்கடுத்ததும். ராய்ஸுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. பலங்கொண்ட மட்டும் அவன் எறிந்த லாடம் கோழிக்கூண்டில் போய் மோத, கோழிகள் அலறிக்கொண்டு நாலா பக்கமும் பறந்தன.

அவெலினோ சிரித்துவிட்டான்.

பால் கறக்கிற போர்ச்சுகீசுக்காரன். தொழுவத்துப் பரணில் படுப்பவன். சாணி நாற்றம் என்று சொல்லி மேஜையில் அவன் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. எங்களைப் போல அவனுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை போலிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். கூட ஒரே ஒருவன் சிரித்திருந்தால்கூட அது விளையாட்டாகப் போயிருக்கும். நானாவது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

மே 21

அவெலினோவை அனுப்பிவிட்டார்கள். பால் வாளி அழுக்காம். இந்தப் பண்ணையிலேயே சுத்தமாக இருந்த ஒரே சாமான் அந்த வாளிதான்.

வாசல் கேட் வரை கூடப் போனேன். "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கும் உத்தரவு வாங்கணும்னு தெரியாது" என்றான். பிறகு, "நீ நல்லா எறிஞ்சேப்பா" என்றான்.

திரும்பி வருவதற்குள் பரணில் அவன் விட்டுப்போன கண்ணாடியை பர்ல் எடுத்து வந்து, அதில் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருக்கிறான். கஸ் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு ஆட்டத்த விட்டுக்குடுத்தா நீ என்ன தேஞ்சா போயிடுவ? உன் வீம்புக்கு அவன் சோத்துல மண்ணு."

"மண்ணப் போட்டது நானா?"

"பின்ன? மேஸ்திரின்னா அப்படித்தான் இருப்பான். நீதான் பாத்து நடந்துக்கணும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவெலினோ இருந்தவரை அவன் பக்கத்தில் உட்காராத தலைகள்.

மே 22

ராய்ஸின் அறைக்குப் போனேன். தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்கு வராத வெண்ணெய் அவன் தட்டில்.

"அவனத் திரும்பக் கூப்பிடு" என்றேன்.

"மாட்டுக்காரன் பாத்துச் சிரிச்சா மேஸ்திரிக்கு என்னடா மரியாதை?"

"பேக்கர்ஸ்ஃபீல்டுல கால்சட்டை பின்னாடி கிழிஞ்சு நீ நின்னப்ப நான் சிரிக்கலையா?"

"அப்ப நான் மேஸ்திரி இல்ல."

கத்தியால் ரொட்டியைக் குத்தினான். பிறகு குரல் இறங்கியது. "இந்த ரூம்ல நான் யாரோட பேசறேன்னு நெனைக்கிற? அங்க வந்தா பேச்ச நிறுத்திக்கிறானுங்க. வேணும்னே தோக்கறானுங்க. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஆடுற?"

"வேற எவன்டா என்கூட ஆடுறான்?"

பாவமாக இருந்தது. தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னான்: "நாளைக்கே மேல்மலைக் குடிசைக்குக் கெளம்பு. வேலியப் பாத்துக்க. அறுவடை வரைக்கும் கீழ வர வேண்டாம்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது. வெளியே வந்து அவன் வாசலில் காறித் துப்பினேன். சின்னப் பையன் மாதிரி.

ஜூன் 3

குடிசை முழுக்க எலிப் புழுக்கை. ஈ காப்பியில் விழுந்து சாகிறது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறேன். சாமான் வண்டிக்காரன் மூட்டையை வேலியோரம் இறக்கிவிட்டு, ஏதோ எனக்குத் தொற்றுநோய் மாதிரி, இறங்காமலே திரும்பிப் போனான். ஆனாலும் இங்கே நானும் ஒரு கோவேறு கழுதையும்தான், பர்ல் இல்லை. அது போதும்.

ஜூன் 11

இன்று கோவேறு கழுதையிடம் ராய்ஸைப் பற்றிக் கோள் சொன்னேன்.

ஜூன் 19

வயிற்றுப்போக்கு. இரண்டு நாளாகத் தரையிலேயே கிடக்கிறேன். என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. செத்தால் வண்டிக்காரன் வந்துதான் தெரியும். அவனும் இறங்கிப் பார்ப்பானா? கஸ்ஸாக இருந்தால் என்ன, அந்த நாய் பர்லாக இருந்தால்தான் என்ன, யாராவது வந்து ஒரு டம்ளர் தண்ணி — என்ன எழுதுகிறேன். சீ.

ஜூன் 24, ஞாயிறு

மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ வருகிற மாதிரி இருந்தது. கத்திக்கொண்டே ஓடினேன்.

மாடு.

ஜூலை 1, ஞாயிறு

ராய்ஸ் வந்தான்.

குதிரையில், தனியாக. பீச் பழ டப்பா ஒன்றும், ஒரு சாக்கில் குதிரைலாடங்களும் கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "என்னடா, எலும்பாயிட்ட" என்றான். கீழே மற்றவர்களோடு ஆடுவது அலுத்துவிட்டதாம். "மரத்தோட ஆடற மாதிரி இருக்கு. ஒழுங்கா ஆடறவன் நீ ஒருத்தன்தான்."

இந்த முகத்தை நினைத்து எத்தனை திட்டு சேர்த்து வைத்திருந்தேன்! அவெலினோவுக்கு என்ன ஆயிற்று, எங்கே போனான் என்று முதலில் அதைத்தான் கேட்பது என்றிருந்தேன். கேட்கவில்லை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. நிறுத்த முடியாமல் பேசினேன். வேலியைப் பற்றி, எலியைப் பற்றி, அந்த மாட்டைப் பற்றிக்கூட. அவன் சிரித்தான். பழைய சிரிப்பு.

இரும்புக்கம்பி ஒன்றை முளையாக அடித்து ஆடினோம். முதல் லாடம் கவ்வியது. அவன் முகம் லேசாக இறுகியதோ? வெயிலாகவும் இருக்கலாம். சூரியன் அப்போதே மேற்கே சாய்ந்திருந்தது. இவன் போய்விட்டால் மறுபடியும் ஈயும் கழுதையும்தான். அடுத்ததை முளைக்கு இடது பக்கமாக எறிந்தேன். அதற்கடுத்ததையும்.

அவன் என்னையே பார்த்தான். தெரிந்துவிட்டது அவனுக்கு. கடைசி லாடத்தை எறிந்து ஜெயித்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரேன்" என்றான்.

குதிரைக்குத் தண்ணீர் காட்டினேன். அவன் ஏறும்போது கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டேன். பிடிக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை.

"பாத்துப் போங்க" என்றேன்.

போங்க. ஆறு வருஷமாக 'போடா' என்ற வாய். அவனுக்கும் காதில் விழுந்தது. திரும்பிப் பார்ப்பான், கண்டபடி திட்டுவான் என்று நின்றேன். சும்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

பீச் நன்றாகத்தான் இருந்தது. டப்பாவை வழித்து நக்கினேன்.