அறுபத்தொன்றாம் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் வேலை வேலை என்று புலம்புவாய், அதனால் கேட்கவில்லை.

வினையை வேகப்படுத்த உங்கள் ஆய்வகம் அனுப்பிய பல்லேடியம் நுண்துகளால் எனக்குத் தினமும் அர்ச்சனைதான். மருந்துச் சரக்கில் ஹைட்ரஜன் ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. “உங்க அக்கா அனுப்புனது உள்ள படுத்துத் தூங்குதாப்பா?” என்கிறார் மேனேஜர். இந்த மாதத்துக்குள் வேகம் கூடாவிட்டால் துகளோடு என்னையும் அனுப்பிவிடுவாராம். வடிகட்டும் இடத்தில் வேலை பார்க்கிறானே, நாங்கள் ஒல்லி என்று கூப்பிடுபவன், அவன்தான் “விடுண்ணே, அக்காகிட்டயே கேட்டுரு” என்றான். வழி இருந்தால் சொல்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

துகள் தூங்கவில்லை, போர்த்திக்கொண்டிருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க, அதன் மேல் லிகண்ட் என்னும் மூலக்கூறுகளைப் போர்த்துகிறோம். ஹைட்ரஜன் உட்கார வேண்டிய இடத்தையும் அவையே பிடித்துக்கொள்கின்றன, அதுதான் தாமதம். வெதுவெதுப்பான ஆல்கஹாலில் இரண்டு முறை கழுவு, பாதி உரிந்துவிடும்.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதே. எங்கள் இயக்குநர் இதற்கு இன்னும் அனுமதி தரவில்லை. தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

கழுவிய துகள் ஐம்பது நிமிடத்தில் வேலையை முடித்தது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான்காவது சரக்கை வடிகட்டிய ஒல்லி, சாப்பாட்டு மணி அடித்ததும் துகளை வடிதாளிலேயே விட்டுப் போனான். எப்போதும் அப்படித்தான் போவான். போர்த்திய துகள் ஒன்றும் செய்ததில்லை. திரும்பி வந்து வடிகட்டியின் மூடியைத் திறந்தான். உலர்ந்திருந்த துகள் காற்றுப் பட்டதும் தணலாகி, உள்ளே நின்ற ஆல்கஹால் ஆவி பற்றிக்கொண்டது. தீக்காயத்தோடு கிடந்து மூன்றாம் நாள் இறந்துபோனான்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உலரவிடாதே என்று அதில் எங்கும் இல்லை. பிறகு அதை அடுப்பில் போட்டுவிட்டேன். கழுவியது என் சொந்த யோசனை என்று விசாரணையில் சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது, வழக்கும் வரும். நீயாவது நிம்மதியாக இரு.

ஒல்லியின் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அவரு எப்பவும் போலத்தானே வேல செஞ்சாரு?” நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 8

தம்பி,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

வெளியாளுக்கு என்ன யோசனை சொன்னாலும் அன்றே ஆய்வகக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பக்கத்துக்கு எண் உண்டு, பேனாவால்தான் எழுதுவோம். மார்ச் 9, அறுபத்தொன்றாம் பக்கம். உனக்குச் சொன்னது அங்கே இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்தில் இன்னொரு வரி: “கழுவியது உலரக் கூடாது, எப்போதும் நீரில் நனைந்தே இருக்க வேண்டும்.” எனக்கு எழுதிக்கொண்டேன். உனக்கு எழுத மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை போனது. வெட்கமாக இருக்கிறது.

நாளை அந்தக் குறிப்பேட்டோடு விசாரணைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒல்லியின் வீட்டுக்குப் போகிறேன். அவர் எப்போதும் போலத்தான் வேலை செய்தார் என்று அவளிடம் நான் சொல்கிறேன்.

சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா