றோசலினின் நித்திரையும் றெஜானின் துவக்கும்

5 பெப்ரவரி 1987, வியாழன்

இரவு வேலை முடிந்து வரும்போது மெட்ரோ ரயில் நிலையப் படியில் கனடாப் பனி வழுக்கி, இருந்தபடியே கீழே போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் கைவிடவில்லை. வீட்டில் சொன்னபோது மகள் கிளி, "அப்பா, எப்பிடி எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்க" என்றாள். ஏழு வயதுக்கு இரக்கம் அவ்வளவுதான். றோசலின் சிரித்துக்கொண்டே தையல் வேலைக்குப் போனாள். நான் இரவில் துறைமுகப் பக்கத்து ஸ்டோரில் பெட்டி ஏற்றுகிறவன், அவள் பகலில் தைக்கிறவள். ஒரே கட்டிலை ஆள் மாறி ஆள் சூடாக்குகிறோம்.

8 பெப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். கதவு பிளந்து கிடந்தது.

றேடியோ இல்லை. றோசலினின் காப்புகள் இல்லை. கோயிலுக்கென்று நல்ல சப்பாத்தைப் போட்டுப் போனேனே, வேலைக்குப் போடுகிற பனிச் சப்பாத்தும் இல்லை. கள்ளன் மீன்குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான். தொடவில்லை, மூடவுமில்லை. "அவனுக்கும் புளி கூடிப்போச்சுபோல" என்று சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கிளியை இறுக்கிப் பிடித்தபடி, "நானும் புள்ளையும் தனிய இருக்கிற நேரம் வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

பொலிசுக்குச் சொல்லவில்லை. எங்கள் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. அதோடு, எந்த நாட்டுப் பொலிசைக் கண்டாலும் நான் தெருவின் மற்றப் பக்கம் மாறி நடக்கிறவன்.

10 பெப்ரவரி, செவ்வாய்

குலேந்திரன் வந்து கதவைத் திருத்தினான். அடுத்த தெருவில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பொடியன், என்னோடு வேலை செய்கிறவன். மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி, நடுவில் சங்கிலி. "அண்ணை, இது இனி வீடில்லை, பாங்க்" என்றான். தன் பழைய பனிச் சப்பாத்தையும் ஒரு பேஸ்போல் மட்டையையும் தந்தான். சப்பாத்து பெரிது. நான் திரும்பின பிறகுதான் அது திரும்புகிறது.

போகும்போது, "பக்கத்து வீட்டுக்காரரையும் நம்பாதேங்கோ" என்று சொல்லிப் போனான். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டில் எலிசா. ஹெயிட்டிக்காரி, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை. மிஷெல் என்று இரண்டு வயதில் ஒரு பொடியன். கண்டால் பொன்ஜூர் சொல்லுவோம், அதற்கு மேல் எங்களிடம் பிரெஞ்சு இல்லை. கிளிதான் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வெளுத்துவாங்குகிறாள். படியில் மிஷெலோடு விளையாடுவாள். அதையும் றோசலின் நிறுத்திவிட்டாள்.

13 பெப்ரவரி, வெள்ளி

றோசலின் நித்திரை கொள்வதில்லை. நான் வேலைக்குப் போனதும் அலுமாரியைக் கதவுக்கு அணையாகத் தள்ளிவிட்டு, குசினிக் கதிரையைப் போட்டு அதில் இருக்கிறாளாம். கிளி சொல்லித்தான் தெரியும். நேற்று வேலையில் கண் சொருகி ஊசி விரலில் ஏறிவிட்டது. "சும்மா ஒரு கீறல்" என்கிறாள். நகம் கறுத்துவிட்டது.

17 பெப்ரவரி, செவ்வாய்

"அக்னெஸ் அக்கா ரொறொன்ரோவுக்கு வரச் சொல்லுறா. மார்ச் முடிய நானும் புள்ளையும் போறம். நீங்க மறுகா ஒரு வேலை பாத்துக்கொண்டு வாங்க" என்றாள் றோசலின். அக்னெஸ் அவளின் தமக்கை.

மறுகா என்றால், பிறகு. பிறகு என்றால் எப்போது? இங்கே இந்த வேலை கிடைக்கவே நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். அவளையும் பிள்ளையையும் கூப்பிட எடுத்த காலமும் தெரியும். போன வருசம்தான் வந்தார்கள். கிளி விமான நிலையத்தில் என்னைப் பார்த்து, "இந்த மாமா ஆர்?" என்று கேட்டாள். இன்னொரு முறை மாமா ஆக எனக்கு விருப்பமில்லை.

19 பெப்ரவரி, வியாழன்

குலேந்திரனிடம் சொன்னேன். "துவக்கு ஒண்டு எடுங்கோ அண்ணை" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "ஊரில எல்லாரிட்டயும் இருந்தது. ஆமியிட்ட இருந்தது, இயக்கத்திட்ட இருந்தது, ஊர்காவல் படையிட்ட இருந்தது. எங்களைப்போல சனத்திட்ட மட்டும் இல்லை. அதாலதானே இஞ்ச வந்து பெட்டி தூக்கிறம்?"

இரவு முழுக்கப் பெட்டி ஏற்றிக்கொண்டு யோசித்தேன். அவன் சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது. அவள் பக்கத்தில் ஒரு துவக்கு இருந்தால் நித்திரை கொள்வாள். நித்திரை கொண்டால் போகமாட்டாள்.

20 பெப்ரவரி, வெள்ளி

எங்கள் மேற்பார்வையாளர் றெஜான் வருசா வருசம் காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர். அரை ஆங்கிலத்தில் கேட்டேன், அவர் அரை ஆங்கிலத்தில் சிரித்தார்.

"கள்ளனுக்கா? தம்பி, என்ர துவக்கு நிலவறையில பூட்டிக் கிடக்கு. தோட்டா மனிசியின்ர அலுமாரியில. கள்ளன் வந்தா, கொஞ்சம் பொறு ஐயா, திறப்பைத் தேடுறன் எண்டு சொல்லவேணும்." மனிதர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அப்படித்தான் கேட்டது.

ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். தகப்பனுடைய பழைய வேட்டைத் துவக்கு ஒன்று சும்மா கிடக்கிறதாம். பொலிசில் போய் அனுமதிப் பத்திரம் எடுத்து வந்தால் தருவாராம். பிறகும் ஒரு கேள்வி கேட்டார்: "சுடத் தெரியுமா?"

தெரியாது. நுளம்புக்கு அடித்தாலே என் கன்னத்தில்தான் விழும்.

24 பெப்ரவரி, செவ்வாய்

றோசலினிடம் சொன்னேன். மெச்சுவாள் என்று நினைத்துக்கொண்டு சொன்ன மடையன் நான்.

மாமாவிடமும், அதுதான் றோசலினின் தகப்பனிடமும், ஒரு துவக்கு இருந்தது. லைசன்ஸோடு. ஊரில், படுவான்கரைப் பக்கம், வயலுக்கு யானை, பன்றி வரும். நான் பெண் கேட்டுப் போன அன்று அதைத்தான் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தற்செயல் என்றுதான் இன்றும் சொல்கிறார். "உங்கட அப்பா வச்சிருந்தவர்தானே?" என்று அதையே எடுத்து விட்டேன்.

தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள்.

"முதல்ல இயக்கப் பொடியன்மார் வந்தாங்க. துவக்கு இருக்கிற வீடு எண்டு தெரிஞ்சு வந்தாங்க. அப்பா வயலுக்குள்ள. நான்தான் எடுத்துக் குடுத்தன். மறுகா ஆமி வந்தான். துவக்கு எங்க எண்டான். குடுத்தம் எண்டா, ஏன் குடுத்த எண்டு அடி. இல்லை எண்டா, எங்க ஒளிச்ச எண்டு அடி. அப்பாட ஒரு காது ஏன் கேக்கிறல்ல எண்டு நினைக்கிறீங்க? வயசு எண்டா?"

நான் வயசு என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது நான் இங்கே வந்துவிட்டேன். மாமாவின் காதை வைத்து எத்தனை பகிடி விட்டிருக்கிறேன், ரெலிபோனில்.

"எங்கட வீட்டை ஒருத்தரும் தேடி வரல்ல. அந்தத் துவக்கைத் தேடித்தான் வந்தாங்க."

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "இது கனடா" என்றேன்.

"கனடாக் கள்ளனுக்குத் துவக்கைத் தூக்கத் தெரியாதா? நீங்களும் துவக்கும் இருங்க. நானும் புள்ளையும் போறம்."

25 பெப்ரவரி, புதன்

குழம்பில் உப்பு அதிகம். கேட்கப் பயம்.

1 மார்ச், ஞாயிறு

இதை எப்பிடி எழுதுறது.

எனக்கு லீவு. எண்டாலும் றோசலின் அலுமாரியைக் கதவுக்குத் தள்ளிட்டாள். சாப்பிட்டு முடிச்சு இருக்கிறம். கதவில தட்டிக் கேட்டுது. பிறகு உள்ளங்கையால அடி. பொம்பிளைக் குரல், பிரெஞ்சில கத்துது. றோசலின் லைற்றை நூத்திட்டாள். ஊரில செய்த மாதிரியே. நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால. கை நடுங்குது. கிளி, "அம்மா, அது எலிசா—" எண்டாள். றோசலின் அவளின்ர வாயைப் பொத்தினாள். பிள்ளை தலையை ஆட்டுறாள், திமிறுறாள். நான், "உஸ்!" எண்டன். நானும்தான்.

காலடி படியால இறங்கிப் போச்சு. கையை எடுத்ததும் கிளி அழுதுகொண்டு சொன்னாள்: "மிஷெலுக்கு வலிப்பு வந்திட்டாம். ரெலிபோன் கேட்டவ. ரெலிபோன், ரெலிபோன் எண்டுதானே கத்தினவ!"

அலுமாரியைத் தள்ளினன். அது வழியிலயே சிக்கிச்சு. மேல் கொண்டி. கீழ்க் கொண்டி. சங்கிலி விரலைக் கடிச்சுது. கதவைத் திறந்தா வெளியில ஒருத்தரும் இல்லை. ஒரு குழந்தைச் சப்பாத்து மட்டும் கிடந்தது. எலிசா கீழ் வீட்டுக் கிரேக்கரிட்டை ஓடிப் போயிட்டா. அவங்கள்தான் அம்புலன்சைக் கூப்பிட்டவங்கள்.

கையில மட்டை இருந்தது. மட்டைக்குப் பதிலா அது இருந்திருந்தா? இந்த நடுங்கின கை? கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளையோட அவ—

போதும்.

2 மார்ச், திங்கள்

பிள்ளைக்குச் சுகம். காய்ச்சல் ஏறி வந்த வலிப்பாம். கீழ் வீட்டுக்காரர் சொன்னார். கைச்சாடையில் சொன்னார், ஆனால் விளங்கிவிட்டது.

4 மார்ச், புதன்

றோசலின் கோழிச் சூப் வைத்தாள். மூவருமாகப் போனோம். எலிசாவின் வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சோபா ஒருக்களித்து நின்றது.

எலிசா சொன்னதைக் கிளி சொன்னாள்: "அண்டைக்கு நீங்க வீட்டில இல்லையாக்கும் எண்டு நினைச்சாவாம்."

நான் தலையை ஆட்டப் போனேன். நல்ல வழி கிடைத்துவிட்டது அல்லவா? றோசலின் என் கையைப் பிடித்தாள்.

"நாங்க உள்ளுக்குத்தான் இருந்தம் எண்டு சொல்லு புள்ள. பயத்தில திறக்கல்ல எண்டு சொல்லு."

கிளி என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

எலிசா கிண்ணத்தை வாங்கினா. சூப்பை ஊதி ஊதி மகனுக்குப் பருக்கினா. பிறகு நிறையச் சொன்னா, அந்தச் சோபாவைக் காட்டி. கிளி அதை இவ்வளவாகச் சுருக்கினாள்: "அவங்கட நாட்டிலயும் தட்டினா விளக்கை நூத்திட்டுப் பேசாம இருக்கிறதாம். இவவும் ஒவ்வொரு நாளும் அந்தச் சோபாவைத் தள்ளுறவவாம். பாரமாம்."

இரண்டு பொம்பிளைகளும் சோபாவைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது றோசலின்தான். நான் அதைக் கேட்டு எத்தனையோ நாளாகிறது.

6 மார்ச், வெள்ளி

றெஜானிடம் துவக்கு வேண்டாம் என்றேன். "உன்னால தாராக்கள் தப்பிச்சுது" என்றார். காட்டு வாத்துகளைத்தான் சொன்னார். குலேந்திரனிடம் மட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவனுக்குக் கோபம். "நாளைக்குத் திரும்பக் கள்ளன் வந்தா என்ன செய்வியள்?"

"தெரியாதடா தம்பி."

உண்மையாகவே தெரியாது. கள்ளன் வரலாம். அன்று வந்தது எலிசா. அதுதான் எனக்குத் தெரியும்.

15 மார்ச், ஞாயிறு

எங்கள் குசினிக்கும் எலிசாவின் குசினிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். படுக்கப் போகுமுன் றோசலின் அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து கரண்டியால் பதில் தட்டு வருகிறது. ஏதாவது என்றால் விடாமல் அடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மொழிபெயர்த்த வக்கீல் கிளி. அலுமாரி பழைய இடத்துக்குப் போய்விட்டது. கொண்டிகள் இரண்டும் இருக்கின்றன. அதைக் கழற்றச் சொல்ல எனக்கும் மனமில்லை.

எலிசாவுக்கு இப்போது எங்கள் ரெலிபோன் நம்பர் சொந்த நம்பர்போல. அவவுக்கு வருகிற கோல்களுக்கு நான் "அல்லோ, பொறுங்கோ" என்று தமிழில் சொல்ல, ஹெயிட்டியிலும் பொறுக்கிறார்கள்.

22 மார்ச், ஞாயிறு

அக்னெஸ் அக்கா கோல் எடுத்தா. நான் நித்திரைபோலக் கிடந்து கேட்டேன். "புள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடியட்டும் அக்கா. மறுகா பாப்பம்" என்றாள் றோசலின்.

மறுகா. நல்ல சொல்தான் அது.

31 மார்ச், செவ்வாய்

வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினேன். சத்தமில்லை. வழக்கமாக நான் மாடி ஏறும்போதே காலடியைக் கேட்டுக் கொண்டியை இழுக்கிறவள். மறுபடி தட்டினேன். காதைக் கதவில் வைத்தேன்.

குறட்டை. தான் குறட்டை விடுவதேயில்லை என்று சத்தியம் பண்ணுகிறவளின் குறட்டை, கதவைத் தாண்டி வருகிறது.

கையை எடுத்துவிட்டுப் படியில் இருந்தேன். வேலைக்குப் புறப்பட்டு வந்த எலிசா என்னைக் கண்டு, பாவம் என்று எங்கள் கதவைத் தட்டக் கையை ஓங்கினா. பாய்ந்து போய் மறித்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. உள்ளே போய் எனக்கொரு கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, நுனிக்காலில் படி இறங்கிப் போனா.

கிளிதான் கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தாள். "ஐயோ அப்பா, பிந்திப்போச்சு! டீச்சர் கேட்டா என்ன சொல்லுறது?"

"அம்மா நித்திரை கொண்டவ எண்டு சொல்லு" என்றேன்.