ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை

வண்டலூர்,
10-2-1993

அன்புள்ள சௌந்தரிக்கு,

சவுரிமுத்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே உடம்புக்குக் குறைவில்லை. அங்கே உன் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? கேட்பவர்களிடம் எல்லாம் அந்த முட்டிவலிக்காகத்தான் நீ திண்டுக்கல் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிமேல் யாரும் நம்ப மாட்டார்கள்.

பொங்கலுக்குப் பிறகு தொப்பி வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா பஸ்கள் வருவதால் தண்ணீர் பாட்டிலும் புலி முகமூடியும் போகின்றன. சோறு நானே வடிக்கிறேன். இரண்டு நாளைக்கு ஒரு முறை குழைகிறது. ரசம் மட்டும் பரவாயில்லை.

திங்கட்கிழமை ஒரு கூத்து. கோவிலம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் பிள்ளைகளோடு ஜூ பார்க்க வந்தார். நீர்யானை எங்கே என்று கேட்டார். வழக்கம்போல, நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்க, பத்து நிமிஷம் என்றேன். சாயங்காலம் திரும்பி வந்து கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “யோவ், லெஃப்ட்ல கொரங்குதான்யா கீது. நடந்து நடந்து காலு பூட்ச்சு. நீ என்னிக்காவது உள்ள போயிக்கிறியா?”

ஜூ வந்த வருஷம் கடை போட்டோம். எட்டு வருஷம் ஆகப்போகிறது. ஜூ திறந்திருந்தால் கடையும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை அதற்கு லீவு என்றால் நமக்கும் லீவு. அப்புறம் எங்கே போய்ப் பார்ப்பது? உன்னிடம் யாராவது வழி கேட்டால், நான் பார்த்ததில்லைங்க என்று உள்ளதைச் சொல்வாய். வருகிறவர்களிடம் இப்படிச் சொன்னால் வியாபாரம் உருப்படுமா என்று உன்னைத் திட்டியிருக்கிறேன்.

காணும் பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன். ஜூ வாசலில் வீடு, வாங்க வாங்க என்று சொந்தத்தை எல்லாம் கூப்பிட்டது நான். இருபத்து மூன்று பேருக்கு விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டியது நீ. ஒவ்வொரு வருஷமும் அவர்கள் உள்ளே போவார்கள், அவர்களுடைய பைகளுக்கு நீ காவல். இந்த வருஷம் பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நீயும் என் அக்கா பேபியோடு டிக்கெட் வரிசையில் நின்றாய். கடையில் கூட்டம் தாங்காமல் நான் வந்து உன்னைக் கூப்பிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். கேலியாக ஒன்றைச் சொன்னேன். அக்கா சிரித்தாள், வரிசையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அந்தப் புடவையோடு பொழுது சாயும்வரை தொப்பி விற்றுவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாய்.

எனக்கு உன்மேல்தான் கோபம். கூட்ட நேரத்தில் பெண்டாட்டியைக் கூப்பிடுவது ஒரு குற்றமா என்று இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டது குற்றமில்லை என்று இப்போதும் சொல்வேன். மற்றது வேறு.

ஈஸ்டர் லீவுக்குப் பதினைந்து பேரோடு வருவதாக அக்கா எழுதியிருந்தாள். உங்கள் வீட்டில்தான் இடம் தாராளம் என்று எப்போதும் போல ஒரு வரி. வந்து பார்த்துவிட்டு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், இனி நம் வீட்டில் சமையல் கிடையாது என்று கார்டு போட்டுவிட்டேன். அக்காவிடமிருந்து பதில் இல்லை. வராது. எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான், தெரிந்துதான் எழுதினேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஒரு பலகை எடுத்து, ‘21-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை’ என்று பெயின்ட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கலர்சோடாக் கடை ஜெயவேலு ஓடி வந்தான். “இன்னாண்ணா, ஞாயித்துக்கெழம கடைய சாத்துறே? யாருனா பூட்டாங்களா?” யாரும் போகவில்லை, நானும் உன் அண்ணியும் ஜூ பார்க்கப் போகிறோம் என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “புள்ளையா குட்டியா, நீங்க ரெண்டு பேரும் உள்ள போயி இன்னாத்த பாக்கப் போறீங்க?”

அவனை அறைந்திருப்பேன். பெயின்ட் பிரஷ் கையில் இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு அறைவது? வரிசையில் இருபத்து மூன்று பேர் முன்னால் நான் உன்னிடம் சொன்னதும் அதேதானே. அவன் என்னிடம் சொன்னபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதற்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க இன்று ஆகிவிட்டது.

பலகையை எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டியாகிவிட்டது. நீ வந்தாலும் வராவிட்டாலும் 21-ந்தேதி கடை திறக்காது. அந்த வாரம் புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, அதற்கு முன்னால் போய்வருவோம். செவ்வாய்க்கிழமை வேண்டாம், கூட்டம் இருக்கிற நாளில் எல்லோரையும் போல வரிசையில் நின்று போவோம். அன்றைக்குச் சோறு கட்ட வேண்டாம். பைக்குக் காவல் வேண்டாம். பச்சைப் புடவையை மறக்காமல் எடுத்து வா.

தனியாக உள்ளே போக எனக்கு மனசில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்பேன். சாயங்காலம் அவர்கள் வாசலைச் சாத்தும்வரை நிற்பேன்.

உன் அம்மாவுக்கு என் தோத்திரம் சொல். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
சவுரிமுத்து