பம்பின் அடியில் உன் பெயர்

அலெஃபா,

களி சட்டியில் மூடியிருக்கிறது, நீ சாப்பிடு. எனக்கு இறங்கவில்லை.

காணாமல்போன நம் பம்பைப் பார்த்துவிட்டேன். விடியற்காலையில் உன் அண்ணன் பிஸ்விக்கின் ஓடைத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இது நம் பம்பு என்றேன். "எல்லாப் பம்பும் செவப்புதான் மச்சான், இது என்னுது" என்று சிரிக்கிறார். புதுச் சாயம் வேறு அடித்திருக்கிறார். குனிந்து அடியில் பார்த்தேன். நான் ஆணியால் கீறிய 'அரெஃபா' அப்படியே இருந்தது. "பொண்டாட்டி பேரையே தப்பா எழுதுற ஒரே ஆளு நீதான்யா" என்று அன்று சிரித்தாயே, அந்த 'ர'.

கொட்டகைப் பூட்டு உடையவில்லை. சாவி இரண்டுதான். ஒன்று என் இடுப்பில், மற்றது உன் கழுத்தில்.

நான் உன் ஊருக்குக் குடிவந்த மாப்பிள்ளை. இங்கே உன் அண்ணன் பேச்சுதான் எடுபடும். ஆனால் தண்ணீரில்லாமல் நம் தக்காளி வாடுகிறது. பம்பு காணாமல்போனதை விசாரிக்க மதியம் ஊர்த்தலைவர் வருவார். பம்பைக் கண்டதை அவரிடம் சொல்லவில்லை. நீயே சொல். நான் புகையிலைத் தோட்டத்து வேலைக்குப் போகிறேன்.

யோத்தாமு

பூட்டை மாற்றவில்லை. உன் சாவி உன்னிடமே இருக்கட்டும்.

மேலே உன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேன், பார். பம்பில் மட்டும் திருத்த மாட்டேன்.